நனைந்த உரோமம் காப்பாற்றாது: விலங்குகளின் உடற்போர்வையும் மாரிகாலக் கால்நடை இழப்பும்

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாத முற்பகுதியில் வங்காள விரிகுடாவில் உருவான மாண்டஸ் புயல், இலங்கையின் கரையைத் தொடாமல் விலகிச் சென்று, 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. புயல் இங்கே கரையேறவில்லை என்றாலும், அதையொட்டி வீசிய குளிர்காற்றும் மழையும் வடக்கு, கிழக்கு மாகாணங்களை விட்டுவைக்கவில்லை. ஓரிரு நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் மடிந்தன. பட்டியாக மாடு வளர்ப்போர் பலர், பல வருட உழைப்பை ஒரே இரவில் இழந்தார்கள்.

இத்தனை விலங்குகள் ஒரே நேரத்தில் இறந்ததும் முதலில் எழுந்தது நோய் பற்றிய அச்சம். வடக்கு, கிழக்கிலிருந்து இறைச்சியை வெளியே கொண்டுசெல்வது தற்காலிகமாகத் தடுக்கப்பட்டது. இறந்த விலங்குகளின் மாதிரிகள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன. இறுதியில், தொற்றுநோய் காரணமல்ல, கடும் குளிரின் தாக்கமே காரணம் என்று அதிகாரிகள் அறிவித்தனர்.

அந்த அறிவிப்பு பலருக்கு நம்ப முடியாததாக இருந்தது. அந்த நாட்களில் வன்னியிலோ மட்டக்களப்பிலோ பனி கொட்டவில்லை. சமவெளியில் வெப்பநிலை உறைநிலைக்கு அருகில்கூடச் செல்லவில்லை. உலகின் வடக்கே, பூச்சியத்துக்குக் கீழ் 30 பாகையிலும் மான்களும் எருதுகளும் திறந்த வெளியில் நின்று இரை தேடுகின்றன. அப்படியிருக்க, தோலும் உரோமமும் கொண்ட நமது மாடுகள் இந்தக் குளிரில் ஏன் இறந்தன?

விடையின் பெரும்பகுதி, விலங்கின் உடலை மூடியிருக்கும் போர்வையில் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, எப்போது கைவிடுகிறது என்பதை அறிந்தால், அடுத்த மாரிக்கு முன் செய்யவேண்டியது என்ன என்பதும் தெளிவாகும்.

சூடு காப்பது உரோமமல்ல, காற்று

உரோமம் சூட்டை உண்டாக்குவதில்லை. சூட்டை உண்டாக்குவது உடல். உண்ட உணவு உடலுக்குள் எரிவதால் வரும் வெப்பம் தோலின் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அந்த வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துவதுதான் போர்வையின் வேலை.

அந்த வேலையைச் செய்வதும் உண்மையில் உரோமத்தின் இழைகள் அல்ல, இழைகளுக்கு இடையே சிக்கியிருக்கும் காற்று. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். நாம் போர்த்தும் கம்பளியும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. இரண்டு மெல்லிய போர்வைகள் ஒரு தடித்த போர்வையைவிட இதமாக இருப்பதற்கும் அவற்றுக்கு இடையே அகப்படும் காற்றே காரணம்.

குளிர்நாட்டு விலங்குகள் பலவற்றின் உடலில் இரண்டு வகை உரோமங்கள் உண்டு. தோலை ஒட்டி, மெல்லியதாகவும் சுருண்டும் நெருக்கமாகவும் வளர்வது அடியுரோமம். காற்றைப் பிடித்து வைப்பது இதுதான். அதற்கு மேலாக நீண்டு, தடித்து, கீழ்நோக்கிப் படிந்திருப்பது காவல் உரோமம். இது கூரையில் வேய்ந்த கிடுகு போல மழைநீரை வழிய விடுகிறது. காற்று உள்ளே புகுந்து அடியுரோமத்தைக் கலைக்காமலும் பார்த்துக்கொள்கிறது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் இந்த உரோமங்களுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சைக் கொடுக்கின்றன. லடாக்கின் உயர்நிலங்களில் வளரும் சாங்தாங்கி ஆடுகளின் அடியுரோமத்திலிருந்துதான் விலையுயர்ந்த பஷ்மினா சால்வைகள் நெய்யப்படுகின்றன. மனிதர் அதற்குக் கொடுக்கும் விலை, உண்மையில் அந்த ஆடு குளிர்காலத்துக்காகச் சேர்த்த காற்றுப் பொறிக்கான விலை.

ரெயின்டியர் எனப்படும் துருவ மானின் உரோம இழைக்குள்ளேயே காற்று அடைபட்ட சிறு அறைகள் இருக்கின்றன. அதனால் இழைகளுக்கு இடையிலும் காற்று, இழைக்குள்ளும் காற்று.

குளிர் கூடும்போது விலங்கு தன் போர்வையைத் தடிப்பாக்கவும் முடியும். ஒவ்வொரு உரோமத்தின் அடியிலும் உள்ள சிறு தசை சுருங்கினால் உரோமம் நிமிர்ந்து நிற்கும். காற்றுப் படலம் தடிக்கும். குளிரிலோ பயத்திலோ நமக்குப் புல்லரிப்பது இதே தசைகளால்தான். நம்மிடம் நிமிர்வதற்குப் போதிய உரோமம் இல்லை. தசையின் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அலாஸ்காவும் பனாமாவும்

விலங்குகளின் போர்வை எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதை ஒப்பிட்டு அளந்த முக்கியமான ஆய்வு 1950ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெர் ஸ்கோலாந்தர், லோரன்ஸ் இர்விங் ஆகியோரின் குழு, அலாஸ்காவின் வட முனையில் வாழும் விலங்குகளையும் வெப்பமண்டலமான பனாமாவில் வாழும் விலங்குகளையும் எடுத்துக்கொண்டது. வெப்பநிலையைப் படிப்படியாகக் குறைத்தால், எந்தப் புள்ளியில் ஒரு விலங்கு உடற்சூட்டைக் காக்க மேலதிகமாக உணவை எரிக்கத் தொடங்குகிறது என்பதே அவர்களின் கேள்வி.

துருவ நரி பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வரையும் அசைந்து கொடுக்கவில்லை என்பது அவர்களின் அளவீடு. பனாமாவின் குரங்கு, தேவாங்கு போல மெதுவாக நகரும் சுலொத் முதலிய விலங்குகளோ 20 முதல் 30 பாகைக்குள்ளேயே மேலதிக எரிபொருளைச் செலவிடத் தொடங்கிவிட்டன. ஆடையில்லாத மனிதனும் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். அவனுடைய எல்லை சுமார் 27 பாகை.

'குளிர்' என்பது வெப்பமானி காட்டும் ஓர் எண் மட்டுமல்ல, அந்த எண்ணுக்கும் விலங்கு அணிந்திருக்கும் போர்வைக்கும் உள்ள இடைவெளி என்பதை இந்த ஆய்வு காட்டியது. துருவ நரிக்கு இதமான நாள், வெப்பமண்டல விலங்கைக் கொன்றுவிடும்.

நீரும் காற்றும் சேரும்போது

எவ்வளவு நல்ல போர்வைக்கும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று நீர், மற்றொன்று வீசும் காற்று.

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உரோமத்துக்குள் மழைநீர் புகுந்தால், அங்கிருந்த காற்று வெளியேறுகிறது. உரோமங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தோலோடு படிந்துவிடுகின்றன. காப்பாக இருந்த படலம், வெப்பத்தை வெளியே எடுத்துச்செல்லும் வழியாக மாறிவிடுகிறது.

அத்தோடு முடிவதில்லை. நனைந்த உடலில் காற்று வீசினால் நீர் ஆவியாகும். ஆவியாவதற்கான வெப்பத்தை அது பெருமளவில் உடலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு லீற்றர் நீர் தோலின் சூட்டில் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஏழு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கக்கூடிய வெப்பம் அது. மண்பானைத் தண்ணீரைக் குளிர்விக்கும் அதே வித்தை, மழையில் நிற்கும் மாட்டின் மேல் இரவு முழுவதும் நடக்கிறது.

மாடு வளர்ப்போருக்காக அமெரிக்க விவசாய விரிவாக்க சேவைகள் பயன்படுத்தும் ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். தடித்த, உலர்ந்த குளிர்கால உரோமம் கொண்ட மாடு பூச்சியத்துக்குக் கீழ் 8 பாகை வரை சிரமமின்றித் தாங்கும். அதே மாடு நனைந்துவிட்டால் எல்லை 15 பாகைக்கு ஏறிவிடுகிறது. நனைந்ததனால் மட்டும் 23 பாகை வித்தியாசம். இது குளிர்நாட்டு மாடுகளுக்கான கணக்கு. மெல்லிய உரோமம் கொண்ட வெப்பநாட்டு மாட்டுக்கு, தொடக்கத்திலேயே இந்த அளவு பாதுகாப்பு இல்லை.

இதனால்தான் நீரில் வாழும் பாலூட்டிகள் தனி வழிகளைக் கண்டிருக்கின்றன. சீல்களும் திமிங்கிலங்களும் உரோமத்தை நம்பாமல் தோலுக்குக் கீழே தடித்த கொழுப்பை வைத்திருக்கின்றன. கடல் நீர்நாய்க்கு அப்படியான கொழுப்பு இல்லை. அது முழுக்க உரோமத்தையே நம்புகிறது. அதன் உடலில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட உரோமங்கள் இருக்கக்கூடும். மனிதனின் தலை முழுவதும் உள்ள முடிகளின் எண்ணிக்கைக்கு அது சமம். உள்ளே நீர் புகாதபடி அது நாள் முழுவதும் உரோமத்தைக் கோதிக்கொண்டே இருக்கும்.

1989 மார்ச் 24ஆம் திகதி எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் அலாஸ்காக் கரையில் தரைதட்டியபோது, கடலில் பரவிய எண்ணெய் இந்த நீர்நாய்களின் உரோமத்தை ஒட்டவைத்தது. பெருந்தொகையான நீர்நாய்கள் இறந்தன. எண்ணெயின் நச்சு ஒரு காரணம். போர்வை பழுதாகிக் குளிர்நீரில் உடற்சூட்டை இழந்தது மற்றொரு பெரிய காரணம். உலகின் மிக அடர்த்தியான உரோமம்கூட, அதற்குள் இருக்கும் காற்று போய்விட்டால் பயனற்றது.

நிலத்து விலங்குகளும் நனைந்தவுடன் உலர்வதற்கு அவசரப்படுவது இதனால்தான். நனைந்த நாய் உடலை உதறும்போது, ஒரு சில விநாடிகளிலேயே உரோமத்தில் உள்ள நீரில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுகிறது. மாட்டுக்கு அந்த வசதி இல்லை.

வெயிலுக்கும் ஒரு போர்வை

போர்வை குளிருக்கு மட்டுமானதல்ல. சகாராவில் ஒட்டகங்களை ஆராய்ந்த நட் ஸ்மித்-நீல்சன் 1950களில் ஒரு ஒட்டகத்தின் உரோமத்தை மழித்துப் பார்த்தார். மழிக்கப்பட்ட ஒட்டகம், மழிக்கப்படாததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீரை வியர்வையாக இழந்தது. கடும் வெயிலில் ஒட்டகத்தின் முதுகு உரோமத்தின் மேற்பரப்பு 70 பாகைக்கு மேல் கொதிக்கும்போது, அடியில் தோல் 40 பாகை அளவில்தான் இருக்கும். உடற்சூடு வெளியேறாமல் தடுக்கும் அதே காற்றுப் படலம், வெயிலின் சூடு உள்ளே வராமலும் தடுக்கிறது.

ஆனால் சூடும் ஈரப்பதமும் சேர்ந்த நமது போன்ற நாடுகளில் வாழும் விலங்குகள் வேறு வழியில் சென்றிருக்கின்றன. உடற்சூட்டை விரைவாக வெளியேற்றுவதே இங்கு பெரிய தேவை. அதனால் இங்குள்ள பல விலங்குகளின் போர்வை மெலிந்திருக்கிறது.

யானையின் உடலில் ஆங்காங்கே நிற்கும் அந்தச் சில உரோமங்கள், காப்பாக இல்லாமல் வெப்பத்தை வெளியேற்ற உதவும் நுண்ணிய கம்பிகளாகவே வேலை செய்கின்றன என்று 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. எருமைக்கு உரோமமும் குறைவு, வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. அதனால் அது குளத்துச் சேற்றைத் தன் போர்வையாக்கிக்கொள்கிறது. வன்னிக் காடுகளில் வாழும் கரடி பார்வைக்குச் சடைத்த உரோமத்தோடு இருந்தாலும், அதற்குக் குளிர்நாட்டுக் கரடிகளைப் போல அடியுரோமம் கிடையாது. குளிர்நாட்டுச் செம்மறிக்கு உள்ள தடித்த கம்பளி, நமது நாட்டுச் செம்மறிக்குத் தேவைப்படவில்லை.

நமது நாட்டு மாடுகள் திமிலுள்ள செபு இனத்தைச் சேர்ந்தவை. குட்டையான, வழுவழுப்பான, தோலோடு படிந்த உரோமம், தொங்கும் தாடை, தளர்ந்த தோல், நன்கு வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகள் எல்லாமே சித்திரை வெயிலைத் தாங்குவதற்கான ஏற்பாடுகள். ஐரோப்பிய இன மாடு மூச்சிரைத்து நிற்கும் வெயிலிலும் இவை மேயும்.

குளிர்நாட்டு விலங்குகள் வருடத்துக்கு இருமுறை போர்வை மாற்றுகின்றன. பகற்பொழுது குறுகத் தொடங்குவதே அவற்றின் உடலுக்குக் குளிர்காலம் வருவதை முன்கூட்டிச் சொல்லும் அறிகுறி. யாழ்ப்பாணத்திலோ வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தடித்த உரோமத்தை வளர்க்கும்படி இங்குள்ள மாட்டின் உடலுக்கு எந்த முன்னறிவிப்பும் கிடைப்பதில்லை. பொதுவாகத் தேவையும் இருப்பதில்லை. வைகாசியில் போர்த்தியிருந்த அதே மெல்லிய போர்வையோடுதான் அது மார்கழியையும் சந்திக்கிறது.

அந்த இரவுகளில் நடந்தது

இப்போது 2022 டிசம்பரைத் திரும்பிப் பார்க்கலாம். வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே அமைந்த மெல்லிய போர்வை. அதை முற்றாக நனைத்த மழை. நனைந்த உடலிலிருந்து சூட்டை இடைவிடாது எடுத்துச்சென்ற பலமான காற்று. பழகிக்கொள்ள அவகாசம் தராமல் திடீரெனச் சரிந்த வெப்பநிலை. இவற்றில் ஏதாவது ஒன்று தனியே வந்திருந்தால் பெரும்பாலான மாடுகள் தாங்கியிருக்கும். எல்லாம் ஒன்றாக வந்தபோது தாங்க முடியவில்லை.

போர்வை தோற்றால் உடலுக்கு மிஞ்சியிருப்பது நடுக்கம் ஒன்றுதான். நடுங்கும் தசைகள் வெப்பத்தை உண்டாக்கும். ஆனால் அதற்கு எரிபொருள் வேண்டும். மெலிந்த மாடு, சினைப்பட்ட மாடு, கன்று, வயதான மாடு ஆகியவற்றிடம் அந்தச் சேமிப்புக் குறைவு. சேமிப்பு தீர்ந்ததும் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நிற்பதைக் கண்டு 'மாடு தேறிவிட்டது' என்று எண்ணுவது ஆபத்தானது. உடல் தளர்ந்து, படுத்து, காதும் காலும் சில்லிட்டு, பிறகு எழும்ப முடியாமல் போவதே அதன் அடுத்த கட்டம்.

இதில் இயற்கையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. பெரும்போகம் தொடங்கியதும் வயல்களைக் காக்க மாடுகள் வயற்புறத்திலிருந்து அகற்றப்படுகின்றன. மழையும் காற்றும் உச்சமாக இருக்கும் மாதங்களில்தான் அவை கூரையில்லாத பட்டிகளிலும் காட்டோரங்களிலும் அடைபடுகின்றன. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனை போல மேய்ச்சல் தரையின் உரிமையே தகராறில் இருக்கும் இடங்களில், நிலையான கொட்டில் அமைக்கும்படி பண்ணையாளரிடம் சொல்வது எளிது; செய்வது கடினம். நூற்றுக்கணக்கான மாடுகளுக்கு ஒரு குடும்பம் தனியே கூரை போடவும் முடியாது. மேய்ச்சல் தரையும் ஒதுங்குமிடமும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்கள்.

மாரிக்கு முன் செய்யக்கூடியவை

உரோமம் செய்யாத வேலையை மனிதன் செய்து கொடுக்கலாம். மேலே சொன்னவற்றிலிருந்து வழியும் தெரிகிறது. நீரைத் தடுப்பது முதலாவது, காற்றைத் தடுப்பது இரண்டாவது, எரிபொருளைக் கொடுப்பது மூன்றாவது.

கூரை முழுமையாக இல்லாவிட்டாலும், வாடைக்காற்று வீசும் வடக்கு, வடகிழக்குப் பக்கத்தில் கிடுகு வேலியோ தறப்பாளோ கட்டினால் இழப்பு வெகுவாகக் குறையும். அடர்ந்த மரவேலியும் அதே வேலையைச் செய்யும். எல்லாப் பக்கமும் இறுக்கி மூடவேண்டியதில்லை. காற்றோட்டம் அற்ற கொட்டிலில் ஈரமும் சிறுநீர் நெடியும் தேங்கிச் சுவாச நோய்க்கு இடம் கொடுக்கும்.

தரை உலர்ந்திருப்பது கூரைக்கு அடுத்த முக்கியம். ஈரத் தரையில் படுத்த மாடு தரைக்கும் தன் சூட்டைக் கொடுக்கிறது. பட்டியில் மேடான ஒரு பகுதியை ஒதுக்கி, வைக்கோல் தடிப்பாகப் பரப்பலாம். வைக்கோலுக்குள்ளும் காற்று அகப்பட்டிருப்பதால், அடிப்புறத்துக்கு அது ஒரு போர்வையே.

எல்லா மாடுகளுக்கும் இடம் போதாவிட்டால் கன்றுகள், ஆட்டுக்குட்டிகள், சினை மாடுகள், மெலிந்தவை ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுக்கவேண்டும். உடல் சிறிதாக இருக்கும் அளவுக்கு, எடையோடு ஒப்பிடும்போது சூடு வெளியேறும் மேற்பரப்பு கூடும். குட்டிகள் முதலில் இறப்பது இதனால்தான். மழைநாளில் பிறந்த கன்றையோ குட்டியையோ உடனே துடைத்து உலர்த்தி, தாமதமின்றிக் கடும்புப் பால் குடிக்கச் செய்வது அதன் உயிரைக் காக்கும். கடும்பு, நோயெதிர்ப்போடு உடனடி எரிபொருளையும் கொடுக்கிறது.

நனைந்து நடுங்கும் மாட்டை ஒதுக்கிடத்துக்குக் கொண்டுவந்து, உலர்ந்த சாக்கால் நன்கு தேய்த்துத் துடைக்கவேண்டும். சாக்கைப் போர்த்துவதானால் உலர்ந்த சாக்காக இருக்கட்டும். நனைந்த சாக்கு, நனைந்த உரோமத்தைப் போலவே சூட்டை உறிஞ்சும். மாடு எழும்பாமல் படுத்துவிட்டால் கால்நடை வைத்தியரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

தீவனமும் ஒரு வகைப் போர்வைதான். மாட்டின் முதல் வயிற்றில் வைக்கோலும் புல்லும் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே மாலைத் தீவனத்தைக் கூட்டிக் கொடுத்தால், இரவு முழுவதும் உள்ளே ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அதற்காகச் சிறுபோக அறுவடையின்போதே வைக்கோலை எரிக்காமல், நனையாத இடத்தில் சேர்த்து வைக்கவேண்டும்.

சொறி, உண்ணி போன்றவற்றால் உரோமம் உதிர்ந்த மாடுகளை மழை தொடங்குமுன் கவனிப்பதும், மாரிகாலத்தில் ஆடுகளின் உரோமத்தைக் கத்தரிக்காமல் விடுவதும் செலவில்லாத பாதுகாப்புகள்.

புயல் எச்சரிக்கைகள் மீனவருக்கு, தாழ்நில மக்களுக்கு என்று தனித்தனியே விடுக்கப்படுகின்றன. மழை, காற்று, வெப்பநிலைச் சரிவு மூன்றும் ஒன்றாக வரும் என்று தெரியும்போது கால்நடை வளர்ப்போருக்கும் அப்படியொரு எச்சரிக்கை தேவை. ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தாலே மாடுகளை ஒதுக்கிடத்துக்கு ஓட்டிவரலாம், வைக்கோல் பரப்பலாம், கன்றுகளை உள்ளே எடுக்கலாம். துருவ நரிக்கு அதன் முன்னறிவிப்பைக் குறுகும் பகல் கொடுக்கிறது. நமது மாட்டுக்கு அதை மனிதர்தான் கொடுக்கவேண்டும்.